கோடும் பேச்சும்: சமூக வலைப்பின்னலைப் படமாக்கிய வரலாறு

ஒருவர் எம்மொழியைப் பேசுகிறார் என்பதை, அவர் யார் யாரோடு பழகுகிறார் என்பது பெரிதும் முடிவுசெய்கிறது. மொழியியலார்க்கு இது பழகிய உண்மை. ஆனால் பழக்கம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனைக் கண்ணால் காணத்தக்க படமாக மாற்றும் முயற்சிக்கு ஏறத்தாழ 90 ஆண்டு வரலாறு உண்டு. கையால் வரைந்த தாளில் தொடங்கி, தொட்டால் விரியும் கணினித் திரைவரை வந்துள்ள அவ்வரலாறு மொழி கற்பிப்போர்க்கு உணர்த்துவது யாது எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1932ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரிலிருந்த பெண்பிள்ளைகளுக்கான சீர்திருத்தப் பள்ளியிலிருந்து இரண்டே வாரங்களில் 14 பெண்கள் தப்பியோடினர். உளமருத்துவர் ஜேக்கப் மொரேனோவும் அவருடன் பணியாற்றிய ஹெலன் ஹால் ஜென்னிங்சும் அதற்கான காரணத்தை அப்பெண்களிடையே நிலவிய உறவுகளில் தேடினர். யார் யாரோடு சேர்ந்து வாழ விரும்புகிறார் எனக் கேட்டறிந்து, ஆளுக்கொரு வட்டமும் விருப்பத்திற்கொரு கோடுமாக வரைந்தனர். ஓடிப்போகும் எண்ணம் அக்கோடுகளின் வழியே ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவியிருக்கலாம் என்பது அவர்கள் கண்ட விளக்கம். 1933 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இப்புதிய வரைபடக் கலையைப் பற்றி எழுதியது. மறு ஆண்டே மொரேனோவின் நூலும் வெளிவந்தது.

மொரேனோ பள்ளி வகுப்புகளையும் இவ்வாறே வரைந்தார். ‘உன் அருகில் யார் அமர வேண்டும்?’ என்பதே கேள்வி. பலரும் விரும்பிய பிள்ளையை நோக்கிக் கோடுகள் குவிந்தன. எவரும் விரும்பாத பிள்ளை தனித்த வட்டமாக நின்றது. வருகைப் பதிவேடு காட்டாத ஒன்றை அப்படம் ஆசிரியருக்குக் காட்டியது.

தாளில் வரைந்த படத்துக்கு ஒரு குறை உண்டு. ஆள்களின் எண்ணிக்கை கூடினால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சிக்கலாகிவிடும். வேறொரு கோணத்தில் காண விரும்பினால் முழுவதையும் மீண்டும் வரைய வேண்டும். 1984இல் பீட்டர் ஈட்ஸ் இதற்கொரு வழி கண்டார். வட்டங்களை இரும்பு வளையங்களாகவும், கோடுகளை அவற்றைப் பிணைக்கும் சுருள்வில்களாகவும் கற்பனை செய்து, அவை இழுத்தும் தள்ளியும் தாமே ஓர் ஒழுங்கில் அமரும்படி கணினிக்குக் கற்பித்தார். 1996இல் சுலோவேனியாவின் லூப்லியானா பல்கலைக்கழக அறிஞர்கள் மிகப் பெரிய வலைப்பின்னல்களையும் ஆராய வல்ல மென்பொருளை உருவாக்கத் தொடங்கினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் பாயெக். அவர்கள் மொழியில் அதற்குச் சிலந்தி என்று பொருள்.

2005இல் ஜெஃப்ரி ஹியரும் டானா பாய்டும் விஸ்டர் என்னும் கருவியை வெளியிட்டனர். அது பிரெண்ட்ஸ்டர் என்ற சமூகத் தளத்தின் நட்பு வலையைத் திரையில் விரித்தது. ஒருவரைச் சொடுக்கினால் அவருடைய நண்பர்கள் விரிவர். குழுக்கள் வண்ணத்தால் வேறுபடும். தேடினால் உரியவர் ஒளிர்வார். படம் பார்வைப் பொருளாக இருந்த நிலை மாறி, கேள்வி கேட்கும் இடமாயிற்று.

அந்தப் பிரெண்ட்ஸ்டர் நம் வட்டாரத்துக்கு அயலானதன்று. தென்கிழக்காசிய இளையர் பெருந்திரளாகப் புழங்கிய தளம் அது. 2009இல் மலேசிய நிறுவனம் ஒன்று அதனை வாங்கியது. 2011இல் அத்தளம் தன் போக்கை மாற்றிக்கொண்டபோது, பயனாளர் இட்ட படங்கள், செய்திகள், கருத்துரைகள் ஆகியவை அழிக்கப்பட்டன. நண்பர் பட்டியல் வைத்துக்கொள்ளப்பட்டது. கோடு எஞ்சியது, பேச்சு போயிற்று. வலைப்பின்னல் படங்கள் அனைத்துக்கும் உள்ள வரம்பை இந்நிகழ்ச்சி நன்கு விளக்குகிறது. இருவர் தொடர்புடையவர் என்று கோடு சொல்லும். அவர்கள் எம்மொழியில், எதைப் பற்றி, எவ்வளவு நெருக்கமாகப் பேசினர் என்பதை நாம் தனியே பதிவு செய்தாலன்றி அது சொல்லாது.

இதை முன்பே உணர்ந்தவர் லெஸ்லி மில்ராய். வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில், உழைப்பாளர் வாழும் மூன்று பகுதிகளைச் சேர்ந்த 46 பேரின் பேச்சு ஆராயப்பட்டது. 1980இல் வெளிவந்த தம் நூலில் அவர் ஒவ்வொருவரின் உறவுப் பிணைப்புக்கும் சுழியம் முதல் ஐந்துவரை மதிப்பெண் அளித்தார். அக்கம்பக்கத்தில் நெருங்கிய குழு உண்டா, உறவினர் உண்டா, அதே பகுதியினர் உடன் வேலை செய்கின்றனரா, அவர்களுள் தம் பாலினத்தவர் உண்டா, வேலை முடிந்த பின்னும் அவர்களோடு பழகுகின்றனரா என்பன அவர் கேட்டவை. பிணைப்பு இறுகியவர்களிடம் வட்டார வழக்கின் பல ஒலிக்கூறுகள் வலுவாக நிலைத்திருந்தன. ஒரே மனிதர் உறவினராகவும் அண்டை வீட்டாராகவும் உடன் உழைப்பவராகவும் இருக்கும்போது, அவரோடு பேசும் மொழி எளிதில் கைவிடப்படுவதில்லை.

2008இல் பிரான்சு நாட்டு மாணவர்கள் தொடங்கிய கெஃபி போன்ற இலவச மென்பொருள்கள் இன்று வகுப்பறைக்கே வந்துள்ளன. மாணவர் ஒருவர், தாம் ஒரு வாரத்தில் பேசிய ஒவ்வொருவரையும் வட்டமாக இட்டு, பேசிய மொழியைக் கோட்டின் வண்ணமாகக் குறிக்கலாம். பிறகு, தமிழ்க் கோடுகளை மட்டும் நிறுத்தி மற்றவற்றை மறைக்கச் சொல்லுங்கள். அடுத்து, பாட்டியின் வட்டத்தை நீக்கச் சொல்லுங்கள். எத்தனை தமிழ்க் கோடுகள் எஞ்சுகின்றன? ஒருவரை நீக்கியதும் தமிழே மறையுமானால், அப்பிள்ளையின் தமிழ் எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பது விளங்கும். உடன் பயில்வோர் இருவரோடேனும் தமிழ்க் கோடு அமைந்திருந்தால், நம்பிக்கைக்கு இடமுண்டு.

இரண்டு எச்சரிக்கைகள் தேவை. ஒருவர் படத்தின் மேற்புறம் இருப்பதற்கும் கீழ்ப்புறம் இருப்பதற்கும் தனிப்பொருள் இல்லை. மீண்டும் இயக்கினால் இடம் மாறக்கூடும். ஆகவே இடத்தை நம்பாது இணைப்பை எண்ண வேண்டும். மற்றொன்று, இப்படங்களைப் பெயரோடு சுவரில் ஒட்டுதல் ஆகாது. தனித்து நிற்கும் வட்டம் ஒரு பிள்ளை. அதைக் காண வேண்டியவர் ஆசிரியர். கண்டபின் செய்ய வேண்டியது, அப்பிள்ளையோடு பேச ஒருவரை அமர்த்துவது. கருவி கோட்டைக் காட்டும். அக்கோட்டில் தமிழ் ஓடச் செய்வது நம் கடமை.