ஒரே பந்தியில் உட்காராத இரண்டு உரிமங்கள்

கணினியின் சூட்டையும் விசிறி வேகத்தையும் காட்டும் 'லிப்ரே ஹார்டுவேர் மானிட்டர்' நிரலைத் தன் கல்லூரி புராஜெக்டில் சேர்க்கலாமா என்று பேரன் கேட்டான். அவனுடையது குனு பொது உரிமம். அது மொசில்லா உரிமம் 2.0. தேடிப் படித்தேன்.

1991இல் வந்த குனு உரிமம் 2, தன்னோடு கலக்கும் நிரல் முழுவதும் தன் விதிப்படியே போக வேண்டும் என்றது. 1998இல் நெட்ஸ்கேப் கொண்டுவந்த மொசில்லா உரிமமோ, தன் கோப்புகள் தன் விதியில்தான் இருக்கும் என்றது. இரண்டுமே 'எடுத்துக்கொள், திருத்து, பகிர்ந்துகொடு' என்பவைதான். ஆனாலும் கலந்து வெளியிட்டால் உரிம மீறல்! ஊருக்கென்று இலவசமாக எழுதியவரின் உழைப்பு, அதே எண்ணமுள்ள இன்னொருவருக்குப் பயன்படாமல் போனது.

2012 ஜனவரியில் வந்த மொசில்லா 2.0தான், ஆசிரியர் தடுக்காதவரை குனு நிரலோடு சேரலாம் என்று எழுதியே கொடுத்தது. பேரன் சேர்த்துவிட்டான். அந்தக் கோப்புகளின் தலைப்பில் இருந்த உரிமக் குறிப்பை மட்டும் அழிக்க நான் விடவில்லை.