மார்க்கம் நகரபிதா டொன் கசின்ஸ்: 1995 சொல்லும் பாடம்



மில்லிக்கனில் இருக்கும் எங்களுக்கு ஸ்டீல்ஸ் வீதிதான் எல்லை. தெற்கே ரொறன்ரோ, வடக்கே மார்க்கம். மார்க்கத்தின் கிழக்குப் பக்கம் போனால் டொனால்ட் கசின்ஸ் பார்க்வே என்றொரு வீதி இருக்கிறது. யார் இவர் என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வோம்?

கசின்ஸ் ஒரு கிறிஸ்தவ போதகர். 1981இல் முற்போக்குப் பழமைவாதக் கட்சி சார்பில் ஒன்ராறியோ சட்டசபைக்குத் தெரிவானவர். 1994இல் அதை விட்டு மார்க்கம் நகரபிதாவானார். 2006 வரை பதவியில் இருந்தார். கோர்னெல் போன்ற புதிய குடியிருப்புகள் எழுந்தது அவர் காலத்தில்தான். 2017இல் காலமானார்.

நான் கணக்காளன். வரவைப் பார்த்தால் செலவையும் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்தில் 1995 இருக்கிறது. ஹொங்கொங்கிலிருந்து வந்த சீனர்கள் மார்க்கத்தில் வீடும் கடையும் வாங்கிய காலம் அது. ஆசியர்கள் ஓரிடத்தில் குவிவதால் ஊருக்கு முதுகெலும்பாக இருந்தவர்கள் வெளியேறுகிறார்கள் என்ற பொருளில் துணை நகரபிதா கரோல் பெல் பேசினார். சீன மக்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள். அயல் நகரபிதாக்கள் 12 பேர் கூட்டாகக் கண்டித்தார்கள். அந்த வரிசையில் கசின்ஸ் நிற்கவில்லை.

நானும் நிற்கவில்லை. அப்போது ஸ்டீல்ஸுக்குத் தெற்கே வாடகைக்கு இருந்தேன். "சீனருடைய பிரச்சினை, எங்களுக்கென்ன" என்று பத்திரிகையை மடித்து வைத்தேன். இது யாருடைய ஊர் என்ற கேள்வியால் துரத்தப்பட்டு வந்தவன் நான். அதே கேள்வி பக்கத்து வீட்டுக்காரனிடம் கேட்கப்பட்டபோது பேசாமல் இருந்துவிட்டேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

சீனர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. 1997இல் ஸ்டீல்ஸும் கென்னடியும் சந்திக்கும் இடத்தில் பசிபிக் மோல் திறக்கப்பட்டது. கசின்ஸ் விலகிய 2006 தேர்தலில் எங்கள் லோகன் கணபதி 7ஆம் வட்டாரத்தில் நகரசபை உறுப்பினரானார். 2018இல் அவர் மாகாண சட்டசபைக்கும் போனார். கசின்ஸ் சட்டசபையிலிருந்து நகரசபைக்கு வந்தார், இவர் நகரசபையிலிருந்து சட்டசபைக்குப் போனார். 2016 குடிசனக் கணக்கெடுப்பின்படி மார்க்கத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 78 பேர் வெள்ளையரல்லாத சமூகத்தவர்.

ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. நகரசபைத் தேர்தலில் வாக்களிக்கப் பிரஜாவுரிமை வேண்டும். அது கையில் இருந்தும், வீட்டு வரியைத் தவணை தவறாமல் கட்டியும், வாக்களிக்கப் போகாதவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர்! வரி கட்டுகிறவர் கணக்குக் கேட்கவும் வேண்டும். நாளைக்கு வேறொரு இனத்தைப் பார்த்து யாராவது அப்படிப் பேசினால், முதலில் எழுந்து நிற்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

அடுத்த மாதம் சந்திப்போம்.