நன்னடத்தை உத்தியோகத்தரின் மேசை

'ஒழுங்கா பள்ளிக்கூடம் போகாட்டி அச்சுவேலிக்கு அனுப்பிப்போடுவன்.' இந்த வெருட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் எங்களில் பலர். அச்சுவேலி என்றால் இங்கே ஊர் அல்ல, அங்குள்ள சான்றுபெற்ற பாடசாலை. அங்கு பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகிற ஆள்தான் நன்னடத்தை உத்தியோகத்தர் என்று எங்கட சனத்தில் பலர் இன்னமும் நினைக்கினம். உண்மையில் அனுப்புவது நீதவான். ஆனால் அவர் முடிவெடுக்கும்போது முன்னால் ஒரு சமூக விசாரணை அறிக்கை இருக்கும். பிள்ளையின் வீடு, பள்ளிக்கூடம், அயல், தகப்பனின் குடி, தாயின் கூலி வேலை எல்லாம் அதில் வரவேண்டும். அதை எழுதுகிறவர் இவர்.

1841 இல் பொஸ்டன் நகரில் ஜோன் ஒகஸ்டஸ் என்ற சப்பாத்துத் தொழிலாளி, குடித்துப் பிடிபட்ட ஒருவரைத் தன் பொறுப்பில் பிணையெடுத்தார். நன்னடத்தை மேற்பார்வையின் கதையை வழக்கமாக இங்கிருந்துதான் தொடங்குவார்கள். பிரித்தானியா 1907 இல் அதைச் சட்டமாக்கியபோது, உத்தியோகத்தர் புத்தி சொல்லி, உதவி செய்து, நண்பனாகவும் இருக்கவேண்டும் என்று எழுதிவைத்தது. நண்பனாக இருப்பதையும் சட்டத்தில் எழுதலாம் என்பது எங்களுக்கு இப்பவும் வியப்புத்தான்.

இலங்கையில் இது 1944 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு வந்தது. ஆரம்பத்தில் சிறைச்சாலை நிர்வாகத்தோடு ஒட்டியிருந்து, 1956 இல் தனித் திணைக்களமானது. பெயர் 'நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள்'. எங்கள் பார்வையில், வேலைப்பளுவின் வரலாறு முழுக்க அந்த 'மற்றும்' என்ற சொல்லுக்குள்தான் கிடக்கிறது. சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் சட்டம் 1939 இலேயே இருந்தது. மகவேற்புச் சட்டமும் அநாதை இல்லங்கள் சட்டமும் 1941 இல் வந்தவை. குற்றம் செய்த பிள்ளையைப் பார்க்க வேண்டியவரே, கைவிடப்பட்ட பிள்ளையையும், தத்தெடுக்கக் கேட்கும் தம்பதியையும், சிறுவர் இல்லத்தின் சமையலறையையும் பார்க்க வேண்டியவரானார். பிள்ளையின் நண்பன், நீதிமன்றத்தின் கண், இல்லத்தின் பரிசோதகர். இந்த மூன்றும் ஒரே ஆளுக்குள் எப்போதும் ஒத்துப்போவதில்லை. உத்தியோகத்தரை நம்பித் தன் கதையைச் சொல்லும் பிள்ளைக்கு, அந்தக் கதை அறிக்கையாகிக் கோட்டுக்குப் போகும் என்று யார் விளங்கப்படுத்துவது?

1987 இன் 13 ஆம் திருத்தம் இந்தச் சேவையை மாகாணங்களுக்குக் கொடுத்தது. எங்களுக்கோ வடக்கு மாகாண சபைத் தேர்தல் 2013 இல்தான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் நடந்ததை விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் ஒரே இரவில் நாவற்குழிப் பாலம் தாண்டி நடந்தபோது, மேற்பார்வையில் இருந்த பிள்ளைகளும் நடந்திருப்பார்கள். வீடே இல்லாத பிள்ளைக்கு வீட்டு விசாரணை எப்படிச் செய்வது? 2009 இற்குப் பிறகு வேலை வேறு மாதிரியானது. பெற்றாரை இழந்தவர்கள், பெற்றார் இருந்தும் வறுமையால் இல்லங்களில் விடப்பட்டவர்கள் என்று பிரித்தறிந்து, முடிந்தவர்களை உறவுகளோடு சேர்க்க வேண்டியிருந்தது.

இப்ப பிரதேச செயலகத்துக்குப் போனால் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் உத்தியோகத்தரும் இருக்கிறார். ஆட்கள் கூடிவிட்டார்கள்தானே என்று கேட்கலாம். முறைப்பாடு எந்த வாசலால் வந்தாலும், பிள்ளையை எங்கே விடுவது என்ற கேள்வி நீதவானிடம் போகும்போது அறிக்கையோடு நிற்க வேண்டியவர் நன்னடத்தை உத்தியோகத்தர்தான். சமூக வலைத்தளத்தில் ஒரு பிள்ளையின் அவலம் பரவியதும் 'எங்கே போனது நன்னடத்தை?' என்று எழுதுகிறோம். நாங்களும் எழுதியிருக்கிறோம்.

2017 இல் யாழ். கச்சேரிக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் இருந்தார்கள். கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கும் அந்த இடம் தூரமில்லை. நாளைக்கு எங்களில் ஒருவர் போட்டிப் பரீட்சை எழுதி இந்தக் கதிரையில் இருக்கக்கூடும். ஊர்காவற்றுறை நீதிமன்றப் பக்கம் போட்டால் நெடுந்தீவும் அவருடையது. ஒரு வீட்டைப் பார்க்கக் குறிகட்டுவானில் படகுக்கு நிற்கவேண்டும். கடல் கொந்தளித்தால் அன்றைக்குப் படகு இல்லை. வழக்குத் தவணை மட்டும் பிந்தாது.