மண்வெட்டி பிடித்த தத்துவப் பேராசிரியர்

ஆங்கிலக் கலை விமர்சகர் ரஸ்கினின் காரியதரிசியாக இருந்த ஓவியரும் பழம்பொருள் ஆராய்ச்சியாளருமான ஒருவருக்கு 1889இல் புதல்வராகப் பிறந்து, வட இங்கிலாந்தின் ஏரிப் பிரதேசத்தில் வளர்ந்த ராபின் ஜார்ஜ் காலிங்வுட், ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் தத்துவ சாஸ்திரம் போதித்துவிட்டு, விடுமுறை வந்ததும் ரோமானியர் பிரிட்டனில் விட்டுச் சென்ற கோட்டைகளையும் கல்வெட்டுக்களையும் ஆராய்வதற்கு வடக்கே புறப்பட்டுவிடுவார். அறிவு எவ்வாறு வளர்கிறது என்ற தத்துவ விசாரத்துக்கு அகழ்வுக் குழியே அவருடைய பரிசோதனைச் சாலையாயிற்று. எந்த உண்மையும் முன்னர் எழுந்த ஒரு கேள்விக்கு விடையாகவே பொருள்படும் என்பது அவர் சித்தாந்தமாகையால், என்னதான் கிடைக்கிறதென்று பார்ப்போமே என்று தோண்டுவதை அவர் ஒருநாளும் ஒப்பவில்லை.

கி.பி. 122 அளவில் ஹாட்ரியன் சக்கரவர்த்தியின் ஆணைப்படி தொடங்கப்பெற்று, ஏறத்தாழ 117 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் மதிலைக் கட்டியவர் யார், கட்டிய காலம் எது என்று அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருக்க, அது எதற்காகக் கட்டப்பட்டது என்று 1921இல் அவர் வினவினார். வெட்டவெளியில் அணிவகுத்துப் பொருதும் ரோமானியப் படைக்குக் குறுகிய மதிலுச்சி போர்க்களமாகாது. ஆதலின், காவலர் உலாவிப் பகைவரின் நடமாட்டத்தைக் கண்காணிக்கும் உயர்ந்த பாதையே அது என்று ஊகித்தார். அப்படியானால், மதில் முடிவுறும் பௌனஸுக்கு அப்பால், கடல்வழியே பகைவர் சுற்றி வராதபடி கம்பர்லாந்துக் கரையிலும் காவற்கோபுரங்கள் இருந்திருக்க வேண்டுமல்லவா? பழைய ஆராய்ச்சி வெளியீடுகளைப் புரட்டியபோது, அத்தகைய கோபுரங்கள் முன்பே கண்டறியப்பட்டு, பயன் இன்னதென்று விளங்காமையால் மறக்கப்பட்டுக் கிடந்தது தெரியவந்தது. கல்வெட்டுக்களையும் அவர் கல்லின் எதிரில் அமர்ந்து தம் கையாலேயே வரைந்தார். அவற்றைத் திரட்டிய பெருந்தொகுதியின் முதற்பகுதி, ரைட் என்பவரால் நிறைவுபெற்று 1965இல்தான் வெளிவந்தது.

ஆயினும், கேள்வியே கண்ணை மறைப்பதும் உண்டு. பென்ரித் அருகே ஆர்தர் அரசரின் வட்டமேஜை என வழங்கும் புராதன மண்வட்டத்தை 1937இல் தோண்டிய காலிங்வுட், மரத்தூண்கள் நாட்டிய குழிகளைக் கண்டதாக முடிவு கட்டினார். ஹிட்லர் ஆட்சியில் பதவியிழந்து பிரிட்டனுக்கு வந்திருந்த ஜெர்மன் அகழ்வாராய்ச்சியாளர் கெர்ஹார்ட் பெர்சு, 1939இல் அதே இடத்தை மீண்டும் அகழ்ந்து, அவை தூண்குழிகளே அல்ல என்று காட்டினார்.

1943இல், 53 வயதில், காலிங்வுட் காலமானார். கேள்வியில்லாமல் தோண்டுகிறவனுக்கு மண்ணும் ஓடுமே மிஞ்சும் என்பது அவர் புகட்டிய பாடம். கேட்ட கேள்விக்கு விடையையும் தானே கற்பித்துக்கொள்ளலாகாது என்பது பெர்சுவின் திருத்தம். அகழ்வாராய்ச்சியில் இறங்குவோர் இவ்விரண்டையும் சேர்த்தே கற்க வேண்டும்.