ஏஐ-யிடம் சேல்ஸ் மெயில் எழுதச் சொல்கிறீர்களா? பையருக்கு அனுப்பும் முன் செட் பண்ண வேண்டியவை என்னென்ன?

2025 ஆகஸ்ட் இறுதியில் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதமாக உயர்ந்தது. அமெரிக்க ஆர்டரை மட்டும் நம்பி ஓடிக்கொண்டிருந்த திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு, அடுத்த பையரை எங்கே தேடுவது என்ற கேள்வி வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 24-ம் தேதி, இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்ததால் பிரிட்டன் பக்கமும் பார்வை திரும்பியது.

சரி, பிரிட்டனில் இருக்கும் முன்பின் தெரியாத ஒரு பையருக்கு முதல் மெயிலை யார் எழுதுவது? பெரிய கம்பெனியில் அதற்கென்று மெர்ச்சண்டைசர் இருப்பார். 40 மிஷின் போட்டு ஓட்டும் சின்ன யூனிட்டில் ஓனரேதான் எழுத வேண்டும், அதுவும் இங்கிலீஷில். சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் மாதிரியான ஏஐ அசிஸ்டென்ட்கள் இந்த இடத்தில் நிஜமாகவே உதவும். ஆனால் எதையும் செட் பண்ணாமல், ‘ஒரு சேல்ஸ் மெயில் எழுதிக் கொடு’ என்று மொட்டையாகக் கேட்டால், வர வேண்டிய ஆர்டருக்குப் பதில் வம்பு வந்து நிற்க வாய்ப்பு உண்டு.

மொட்டையாகக் கேட்டால் என்ன ஆகும்?

‘ஐ ஹோப் திஸ் இமெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்’ என்று ஆரம்பிக்கும். ‘உங்கள் பிராண்டின் தரம் எங்களை வியக்க வைத்தது’ என்று ஒரு வரி வரும். ‘உலகத் தரத்தில் தயாரிக்கிறோம்’ என்று இன்னொரு வரி. பையரின் பெயரை மாற்றிவிட்டு இதே மெயிலை நூறு பேருக்கு அனுப்பலாம். அனுப்பவும் செய்கிறார்கள். அதனால்தான் இந்த மாதிரி மெயில்களை பையர்கள் படிப்பதே இல்லை.

இதுகூடப் பரவாயில்லை. பதில் வராது, அவ்வளவுதான். பெரிய ஆபத்து வேறு ஒன்று. ஏஐ-யிடம் தகவல் இல்லாத இடத்தில், பொருத்தமாகத் தோன்றும் ஒன்றை அதுவே போட்டு நிரப்பிவிடும்.

ஒரு உதாரணம். உங்கள் யூனிட்டில் பயன்படுத்தும் துணிக்கு ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 சான்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துணியில் உடம்புக்குக் கெடுதலான ரசாயனங்கள் அளவுக்கு மேல் இல்லை என்பதற்கான சான்று அது. பருத்தி ஆர்கானிக்கா என்பதை அது சொல்லாது. அதைச் சொல்லும் சான்று காட்ஸ். அதில் ‘ஆர்கானிக்’ என்ற லேபிள் போட குறைந்தது 95 சதவீதம் ஆர்கானிக் நூலிழை இருக்க வேண்டும். இந்த வித்தியாசம் திருப்பூரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் குழந்தைகள் ஆடை, பருத்தி, ஏற்றுமதி என்ற மூன்று வார்த்தைகளைச் சேர்த்துக் கொடுத்தால் ‘சான்று பெற்ற ஆர்கானிக் காட்டனில் தயாரிக்கிறோம்’ என்று ஏஐ சர்வசாதாரணமாக எழுதிவிடும். காட்ஸ் சான்று பெற்ற கம்பெனிகளின் பட்டியல் இணையத்தில் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. பையர் தேடிப் பார்க்க 2 நிமிடம் போதும். அதில் உங்கள் பெயர் இல்லை என்றால் அந்த பையர் திரும்ப வர மாட்டார்.

முதலில் தயார் செய்ய வேண்டியது

ஏஐ ஆப்பைத் திறக்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது: உங்கள் யூனிட்டைப் பற்றி ஒரு பக்கத்துக்கு எழுதி வையுங்கள். என்ன துணி ஓட்டுகிறீர்கள், எத்தனை ஜிஎஸ்எம், ஒரு கலருக்கு மினிமம் எத்தனை பீஸ் எடுப்பீர்கள், சாம்பிள் தர எத்தனை நாள் ஆகும், ஆர்டர் உறுதியானால் எத்தனை நாளில் ஷிப்மென்ட், எந்தச் சான்று யார் பெயரில் எந்தத் தேதி வரை செல்லும், பிரிண்டிங்கும் டையிங்கும் உள்ளேயா வெளியே ஜாப் ஒர்க்கா. இவ்வளவும் அதில் இருக்க வேண்டும்.

கூடவே ‘எங்களிடம் இல்லாதவை’ என்று இன்னொரு பட்டியலும் போடுங்கள். காட்ஸ் இல்லை. வோவன் துணி தைப்பதில்லை. 15 நாளில் டெலிவரி முடியாது. என்னைக் கேட்டால் முதல் பட்டியலைவிட இதுதான் முக்கியம். ஏஐ எங்கே கற்பனை பண்ணுமோ, அந்தக் கதவை இது முன்கூட்டியே மூடிவிடும்.

இந்தப் பக்கத்தை ஒவ்வொரு முறையும் பேஸ்ட் பண்ண வேண்டியதில்லை. சாட்ஜிபிடி, கிளாட் இரண்டிலும் ‘புராஜெக்ட்ஸ்’ என்று ஒரு வசதி இருக்கிறது. ஜெமினியில் அதே மாதிரி வேலைக்கு ‘ஜெம்’. அங்கே ஃபைலை ஒருமுறை ஏற்றி, எப்படி எழுத வேண்டும் என்ற கட்டளையையும் சேர்த்துவிட்டால், அதற்குள் நீங்கள் தொடங்கும் ஒவ்வொரு சாட்டிலும் அதைப் பார்த்து எழுதும்.

கட்டளை எப்படி இருக்க வேண்டும்?

இங்கிலீஷில்தான் கொடுக்க வேண்டும் என்று இல்லை. தமிழில் எழுதினாலும் புரிந்துகொள்ளும். இப்படி வைக்கலாம்:

“நீ எங்கள் ஏற்றுமதி யூனிட்டுக்கு மெயில் எழுதும் உதவியாளர். எங்களைப் பற்றி இணைத்துள்ள ஃபைலில் இருப்பதை மட்டும் சொல். பையரைப் பற்றி நான் கொடுக்கும் குறிப்பில் இருப்பதை மட்டும் சொல். தேவையான தகவல் இல்லை என்றால் நீயாக எழுதாதே, என்னிடம் கேள். எளிய பிரிட்டிஷ் இங்கிலீஷில் 120 வார்த்தைக்குள் எழுது. பையரைப் புகழாதே. விலையும் டெலிவரி தேதியும் போடாதே. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேள். மெயிலுக்குக் கீழே, நீ பயன்படுத்திய ஒவ்வொரு தகவலும் எங்கிருந்து எடுத்தது என்று தமிழில் தனியாகக் காட்டு.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். இங்கிலீஷ் மெயிலை வரிக்கு வரி சரிபார்க்கத் தயங்குபவர்கள்கூட, தமிழில் இருக்கும் அந்தப் பட்டியலைப் பார்த்து ‘இது நாம சொன்னதா, அதுவா போட்டதா’ என்று கண்டுபிடித்துவிடலாம். ஆனால் இந்தக் கட்டளைகளை எல்லாம் போட்டுவிட்டாலே தப்பு வராது என்று நினைக்க வேண்டாம். குறையும், அவ்வளவுதான். அனுப்பும் முன் ஒருவர் படித்தே ஆக வேண்டும்.

பையரைப் பற்றிய குறிப்பை யார் எடுப்பது?

நீங்கள்தான். 10 நிமிட வேலை. அவர்கள் வெப்சைட்டில் இரண்டு, மூன்று பொருட்களைத் திறந்து பாருங்கள். என்ன துணி, எந்த நாட்டில் தயாரானது, எந்த வயது வரை சைஸ் இருக்கிறது என்று பல தளங்களில் போட்டிருப்பார்கள். தொழில் தெரிந்த உங்கள் கண்ணுக்கு அதில் படுவது ஏஐ-க்குப் படாது. இணையத்தில் தேடித் தரச் சொல்லி ஏஐ-யையே கேட்கலாம். அப்படிக் கேட்டால் லிங்க்கையும் வாங்கி, அதைத் திறந்து பார்த்துவிட்டு நம்புங்கள்.

இந்தக் குறிப்போடு வரும் மெயிலின் சாரம், தமிழில் சொன்னால், இப்படி இருக்கும்:

“உங்கள் தளத்தில் பச்சிளம் குழந்தைகளுக்கான ரோம்பர்கள் காட்டன் இன்டர்லாக்கில் இருப்பதையும், சைஸ் 24 மாதத்தோடு நிற்பதையும் பார்த்தோம். திருப்பூரில் நாங்கள் 180 ஜிஎஸ்எம் இன்டர்லாக்கில் 6 வயது வரை தைக்கிறோம். ஒரு கலருக்கு 300 பீஸில் இருந்து எடுக்கிறோம். துணிக்கு ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 சான்று இருக்கிறது, ஆர்கானிக் இல்லை. பெரிய சைஸ் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் 2 சாம்பிள் அனுப்பட்டுமா?”

இது கற்பனை உதாரணம்தான். ஆனால் இதை இன்னொரு பையருக்கு அப்படியே அனுப்ப முடியாது என்பதைக் கவனியுங்கள். பர்சனலைஸ்டு மெயில் என்றால் இதுதான். ‘டியர்’ பக்கத்தில் பெயர் போடுவதற்குப் பெயர் மெயில் மெர்ஜ். அது ஏஐ வருவதற்கு முன்பே இருக்கிறது.

ஒரே நாளில் 1,000 பேருக்கு அனுப்பலாமா?

வேண்டாம். சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 மெயிலுக்கு மேல் அனுப்ப முடியாது. கூகுளின் கட்டண ஒர்க்ஸ்பேஸ் கணக்கில் வரம்பு 2,000. ஆனால் வரம்பு இருக்கிறது என்பதற்காக அதுவரை போய்ப் பார்க்கக் கூடாது. 2024 பிப்ரவரியில் இருந்து கூகுளும் யாகூவும் விதிகளை இறுக்கிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்குப் போகும் மெயில்களில், பெறுபவர்கள் ‘ஸ்பேம்’ என்று தட்டும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்கிறது கூகுள். அதாவது 1,000 பேரில் 3 பேர் தட்டினாலே சிக்கல். அதன் பிறகு, பல வருடமாக உங்களிடம் வாங்கும் பழைய பையருக்கு அனுப்பும் இன்வாய்ஸ்கூட ஸ்பேமில் போய் விழலாம்.

கம்பெனி பெயரில் டொமைன் வைத்திருந்தால், எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று செட்டிங்குகள் சரியாக இருக்கிறதா என்று டொமைன் போட்டுக் கொடுத்தவரிடம் கேளுங்கள். ‘இந்த மெயில் நிஜமாகவே இந்தக் கம்பெனியிடம் இருந்துதான் வருகிறது’ என்று எதிர்முனைக்குக் காட்டும் அடையாளச் சீட்டு மாதிரி இவை. ஒருமுறை செய்தால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் முன் அனுமதி இல்லாமல் சேல்ஸ் மெயில் அனுப்பலாம். ஆனால் உங்கள் தபால் முகவரியும், ‘இனி வேண்டாம்’ என்று சொல்ல வழியும் அதில் இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னவரை 10 வேலை நாட்களுக்குள் நீக்கிவிட வேண்டும். கம்பெனிக்கு கம்பெனி அனுப்பும் மெயிலுக்கும் இதே விதிதான். பிரிட்டனில் பதிவு பெற்ற கம்பெனிக்கு அனுப்பலாம். தனி ஆளாகக் கடை நடத்துபவருக்கு என்றால் பொதுவாக முன் சம்மதம் தேவை. சின்ன பிராண்டுகளில் பல இந்த ரகமாக இருக்கலாம் என்பதால், கம்பெனியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஜெர்மனி ரொம்ப ஸ்ட்ரிக்ட். அங்கே நிறுவனங்களுக்கு விளம்பர மெயில் அனுப்பவும் முன்கூட்டியே வெளிப்படையான சம்மதம் வேண்டும். எனவே ஜெர்மன் பையர்களைக் கண்காட்சியிலோ ஏஜென்ட் மூலமோ பிடிப்பதுதான் பாதுகாப்பு.

ஏஐ-யிடம் எதைக் கொடுக்கக் கூடாது?

பழைய பையரின் டெக் பேக், அவருக்குக் கொடுத்த விலை, அவருடைய வரப்போகும் டிசைன். இவை உங்கள் சொத்து கிடையாது. ‘முன்னாடி இவங்களுக்கு செஞ்சு கொடுத்தோம்’ என்று ஒரு பிராண்டின் பெயரை மெயிலில் போடவும் அவர்களின் அனுமதி தேவைப்படலாம், ஒப்பந்தத்தைப் பாருங்கள். நீங்கள் தட்டுவதை வைத்து ஏஐ-க்குப் பயிற்சி கொடுப்பதை நிறுத்தும் ஆப்ஷனும் செட்டிங்ஸில் இருக்கிறது. சாட்ஜிபிடியில் ‘டேட்டா கன்ட்ரோல்ஸ்’ என்ற இடத்தில் பாருங்கள்.

மெயில் கணக்கையே ஏஐ-யுடன் இணைத்து, தானாக அனுப்ப வைக்கும் வசதிகளும் இப்போது இருக்கின்றன. ஆசையாகத்தான் இருக்கும். டிராஃப்ட் வரை மட்டும் விடுங்கள். ‘சென்ட்’ பட்டனை நீங்கள் அழுத்துங்கள்.

பதில் வராவிட்டால் ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லை என்றால் விட்டுவிடலாம். பதில் வந்து, ‘5,000 பீஸ், என்ன விலை, எப்போது கிடைக்கும்?’ என்று பையர் கேட்டால், அந்தப் பதிலை இங்கிலீஷில் சரி பண்ண மட்டும் ஏஐ-யைக் கூப்பிடுங்கள். தேதியை எழுதும் முன் டையிங் யூனிட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.