பிரிவே குற்றமான கதை: பேராக் தோட்டத் தமிழரும் குடிநுழைவுச் சட்டங்களும்

மலாயாவின் பேராக் மாநில ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களில் பலர் ஊருக்கும் தோட்டத்துக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தவர்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்குவார்கள். பிறகு ரயிலில் சுங்கை சிப்புட், ஈப்போ, தாப்பா என்று பிரிந்துபோவார்கள். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இந்தத் தடத்தில் ஓடியது. சில வருடம் பால் வெட்டிவிட்டு ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்து, பெண்டாட்டியை மாமியாரிடம் விட்டுவிட்டுத் திரும்புவது அன்று சாதாரணம். அடுத்த பயணத்தில் கூட்டிவரலாம் என்ற நம்பிக்கையில்தான் அந்தக் குடும்ப வாழ்க்கையே நின்றது.

முதல் கதவை அடைத்தது இந்தியாதான். 1936 கடைசியில் இந்திய அரசு அனுப்பிய சீனிவாச சாஸ்திரி தோட்டங்களைப் பார்வையிட்டுப் போனார். அதற்குப் பிறகும் ஆண்களின் ஐம்பது காசு நாள்கூலியைத் தோட்ட முதலாளிகள் மீண்டும் குறைக்கவே, 1938 ஜூனில் உதவி பெற்றுவரும் தொழிலாளர் பயணத்துக்கு இந்திய அரசு தடை விதித்தது. கூலியைக் காக்க வந்த நியாயமான தடை அது. ஆனால் ஊரிலிருந்து ஆள் சேர்த்துவரும் கங்காணி வழியாகச் சொந்தபந்தங்களை அழைத்துக்கொள்ளும் பாதையும் அதோடு மூடியது. சொந்தக் காசில் வர முடிந்தவர்கள் வந்தார்கள். ஐம்பது காசுக்காரனிடம் அந்தக் காசு ஏது? ஜப்பானியர் ஆட்சியில் கப்பலும் நின்றது, கடிதமும் நின்றது.

1953 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதிய தொழிலாளர்களைத் தடுத்தாலும், இங்கே குடியிருப்போரின் மனைவி மக்களுக்கு இடம் விட்டிருந்தது. 1959இல் வந்த திருத்தம் அந்த இடத்தையும் சுருக்கிவிட்டது. 1954 டிசம்பருக்குப் பிறகு ஐந்தாண்டுகள் தொடர்ந்து கணவனைப் பிரிந்திருந்த மனைவிக்கும், ஆறு வயது தாண்டிய பிள்ளைகளுக்கும் நுழைவு மறுக்கப்பட்டது. 1954இல் பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்பப்பட்ட ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். கப்பல் கூலி சேராமல் புருஷன் வருடத்தைத் தள்ளிப்போட்டிருப்பான். 1960 பிறக்கும்போது அவளுக்கு வழியில்லை; ஆறு வயது தாண்டியதும் தகப்பன் முகம் பார்க்காத பிள்ளைக்கும் வழியில்லை. ஏழ்மையால் வந்த பிரிவையே காரணமாகக் காட்டி அதை நிரந்தரமாக்கிய விதி இது. தொழிலாளர் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் வரலாறுகளில் இந்தத் திருத்தம் ஒரு வரியோடு போய்விடுகிறது. எனக்கு இதுதான் மையம்.

அடுத்த அடி உள்ளேயே விழுந்தது. நாடு சுதந்திரம் அடைந்த 1957இல் குடியுரிமை கேட்டு மனுச் செய்ய வாய்ப்பிருந்தும், ஊருக்குத் திரும்பப்போகிறோம் என்றிருந்தவர்களும் தாள் எழுதத் தெரியாதவர்களும் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு தங்கிவிட்டார்கள். 1969 மே இனக்கலவரத்துக்குப் பிறகு, 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்றானது. சுமார் 60,000 இந்தியர் நாட்டை விட்டுப் போனதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஒரே லயத்து வீட்டில் அப்பனுக்குச் சிவப்பு அட்டையும் பிள்ளைக்குக் குடிமகனுக்கான நீல அட்டையும் இருந்ததால், முன்பு கடலின் இரு கரையில் நடந்த பிரிவு இப்போது வீட்டுக்குள்ளேயே நடந்தது. 1985 பிப்ரவரியில் ‘சிதம்பரம்’ கப்பல் தீப்பற்றியதோடு தமிழகப் பயணிகளுக்கான கடல்வழியும் முடிந்தது.

சிவப்பு அட்டை மட்டும் முடியவில்லை. சுதந்திரம் கிடைத்து அறுபத்தோராவது ஆண்டான 2018இல்தான், அறுபது வயது தாண்டிய 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று பிரதமர் மகாதீர் அறிவித்தார்.