பீதர் கறுப்பு பிறந்த கதை

கர்நாடகத்தின் வடகோடியில் இருக்கும் மாவட்டத் தலைநகரம் பீதர். பாமனி சுல்தான் அகமது ஷா, 15-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குல்பர்காவை விட்டு இங்கே தலைநகரை மாற்றினார். கோட்டை எழுந்தது. 1472-இல் பாமனி அமைச்சர் மகமூத் கவான் கட்டிய மதரசா பாதி இடிந்தும் கம்பீரம் குறையாமல் நிற்கிறது. ஆனால் ஊரின் பெயரை உலகத்துக்குக் கொண்டுபோனது கட்டடங்கள் அல்ல, பித்ரி என்ற கறுப்புச் சாமான். கன்னங்கரிய உலோகத்தில் வெள்ளிக் கொடியும் பூவும் இழைத்த குடுவை, தட்டு, பெட்டி.

ஈரானிலிருந்து வந்த அப்துல்லா பின் கைசர்தான் இதைக் கற்றுக்கொடுத்தார் என்பது ஊர்க்கதை. இருக்கலாம். உலோகத்தில் வெள்ளி பதிப்பது பாரசீகத்தின் பழைய வித்தை. ஆனால் அங்கே பித்தளையிலும் எஃகிலும் பதித்தார்கள். பித்ரிக்கு உடல் துத்தநாகம். பதினாறு பங்குக்கு ஒரு பங்கு செம்பு சேர்ப்பார்கள். துத்தநாகத்தைப் பிரித்தெடுப்பது லேசுப்பட்ட காரியமா? 907 டிகிரியில் ஆவியாகிவிடும். அந்த ஆவியைப் பிடித்துக் குளிரவைக்க வேண்டும். ராஜஸ்தானின் ஜாவரில் அதைப் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்தார்கள். ஆக, வந்தவர் பாதியைத்தான் கொண்டுவந்திருக்க முடியும்.

கறுப்பில் வெண்மையை இழைக்கும் ஆசையும் இந்த ஊரில் ஊறியதுதான். கோட்டைக்குள் இருக்கும் ரங்கீன் மகாலில் கருங்கல்லைக் குடைந்து முத்துச்சிப்பி பதித்திருக்கிறார்கள். அதைப் பார்த்தவர்களுக்குப் பித்ரி எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

மண் அச்சில் வார்த்த சாமானை அரத்தால் ராவி வழவழப்பாக்குவார்கள். அப்போது அதன் நிறம் வெறும் சாம்பல். கோடு தெரிவதற்காக மயில்துத்தக் கரைசலைப் பூசித் தற்காலிகமாகக் கறுக்கவைத்து, ஊசிமுனையால் பூவேலையை வரைந்து, உளியால் செதுக்குவார்கள். பள்ளத்தில் வெள்ளிக் கம்பியையோ தகட்டையோ வைத்துத் தட்டி இறக்கி, மறுபடி தேய்த்தால் வெள்ளியும் துத்தநாகமும் ஒரே நிறமாகி, பட்ட பாடெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அங்கேதான் மண் வருகிறது. கோட்டையின் பழைய கட்டடங்களில், வெயிலும் மழையும் படாத மூலையிலிருந்து எடுத்த மண். அதை நவச்சாரத்தோடு நீரில் கலந்து, லேசாகச் சூடாக்கிய சாமானில் பூசினால் உடல் கறுத்துவிடும். வெள்ளிக்கு ஒன்றும் ஆகாது.

மண்ணைத் தேர்ந்தெடுப்பது நாக்கு. ஒரு சிட்டிகையை வாயில் வைத்துப் பார்த்தே மூத்த கைவினைஞர்கள் ஆகும், ஆகாது என்று சொல்லிவிடுவார்கள். அதிலுள்ள வெடியுப்புதான் காரணம் என்பது ரசாயன விளக்கம். லக்னோவிலும் பூர்ணியாவிலும்கூடப் பித்ரி செய்தார்கள் என்பதால், பீதர் மண்ணுக்கு மட்டுமே அந்த மகிமை என்று சாதிக்க எனக்குத் துணிவில்லை. நாக்கின் தேர்ச்சியை நம்புகிறேன்.

புகையிலை தக்காணத்துக்கு வந்த பிறகு ஹூக்காவின் அடிக்குடுவைதான் இந்தத் தொழிலுக்குச் சோறு போட்டது. 1851-இல் லண்டன் கண்காட்சிவரை பித்ரி போயிற்று. நவாபுகள் போனார்கள், ஹூக்காவும் போயிற்று. இப்போது பூச்சாடி, பொத்தான், காதணி என்று செய்கிறார்கள். 2006-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023-இல் பீதரின் ஷா ரஷீத் அகமது காத்ரிக்குப் பத்மஸ்ரீ வந்தது.

வாங்கினால் ஒன்று: பித்தளைக் குத்துவிளக்கென்று நினைத்துப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். துளி எண்ணெய் தொட்டு மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.